கவிழ்த்துப் பார்த்து வாங்கிய மூன்று போன்சாய் தொட்டிகள்

புதுச்சேரியிலிருந்து ஆரோவில் போகும் பக்கம் ஒரு சின்னப் பட்டறை. அங்கே சொல்லிச் செய்து வாங்கிய மூன்று போன்சாய் தொட்டிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு செவ்வகம் 3,200 ரூபாய், ஒரு நீள்வட்டம் 2,300, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வட்டம் 850. இந்தக் காசுக்கு நர்சரியில் பத்துத் தொட்டி வாங்கலாமே என்று வீட்டில் கேட்டார்கள். தாராளமாக வாங்கலாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் மொட்டை மாடியில் கழிந்த பிறகு, ஏன் வாங்கவில்லை என்பதை இப்போது தெளிவாகச் சொல்ல முடியும்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். எந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அடியைத் திருப்பிப் பார்க்கிற புத்தி எனக்கு. போன்சாய் தொட்டிக்கு அது ரொம்பப் பொருத்தமான புத்தி. நிறம், பளபளப்பு, பக்கவாட்டில் இருக்கும் டிராகன் எல்லாம் கண்ணுக்கு. மரம் பிழைப்பதும் சாவதும் அடித்தளம், ஓட்டை, கால் இந்த மூன்றில் இருக்கிறது.

கடையில் கிடைக்கும் மலிவான தொட்டிகள் பெரும்பாலும் அச்சில் மண்கூழ் ஊற்றி எடுத்தவை. தப்பில்லை, ஆனால் கவிழ்த்துப் பாருங்கள். கால் உள்ளே பொள்ளலாக இருக்கும். அதாவது தொட்டிக்குள் நான்கு மூலையிலும் நான்கு பள்ளம். தண்ணீர் அங்கே போய் நிற்கும், வெளியே வர வழியில்லை. ஓட்டையைச் சுற்றி உள்பக்கம் லேசாக மேடு தட்டியிருக்கும், அதனாலும் தண்ணீர் முழுதாக வடியாது. ஆன்லைனில் ஒரு தடவை வாங்கிய தொட்டியில் இரண்டு ஓட்டையில் ஒன்று கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரியான பளபளப்புப் பூச்சு, வழிந்து அடைத்தே போயிருந்தது. உள்பக்கம் வேறு வழவழவென்று கிளேஸ் பூசி வைத்திருந்தார்கள். வேர் எதைப் பிடித்துக்கொள்ளும்?

இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எந்த மண் கலவையாக இருந்தாலும், தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகும் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் நிறைந்து நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவு. தொட்டி எவ்வளவு ஆழம் என்பது அதற்குக் கணக்கே இல்லை. ஓர் அடி ஆழத் தொட்டியில் அடியில் 3 சென்டிமீட்டர் ஈரம் நின்றால் மரத்துக்குத் தெரியாது. 6 சென்டி ஆழப் போன்சாய் தொட்டியில் அதே 3 சென்டி நின்றால் பாதி வேர் முங்கிக் கிடக்கும். நவம்பரில் நான்கு நாள் விடாமல் பெய்கிற மெட்ராஸ் மழையில் அது அழுகல்தான். தட்டையான தொட்டிக்குப் பெரிய ஓட்டை வேண்டும், அடித்தளம் ஓட்டையை நோக்கிச் சாய வேண்டும், கால் தொட்டியைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் இதனால்தான்.

சரி, பட்டறைக்கு வருவோம். அந்தப் பக்கத்தில் ஸ்டோன்வேர், அதாவது அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகச் சுடுகிற மண்பாண்ட வேலை தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் இருப்பதற்குக் காரணம் உண்டு. 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரண்டு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே வேலை கற்றுக்கொண்டவர்கள் தனித்தனியாகச் சூளை போட்டார்கள், அவர்களிடம் கற்றவர்கள் அடுத்த சூளை போட்டார்கள். நான் தொட்டி வாங்கிய அம்மாவும் அந்த வழியில் வந்தவர். கப், தட்டு, டீ கெட்டில்தான் அவருடைய தொழில். போன்சாய் தொட்டி ஆர்டர் வந்தால் மட்டும். வாசலில் போர்டு கிடையாது. பெயர் போட வேண்டாம், இருக்கிற ஆர்டரே கழுத்தளவு இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

போனில் பேசியபோது நான் "30 சென்டிமீட்டர் நீளம் மேடம்" என்றேன். "பச்சையிலா, வெந்த பிறகா அண்ணா?" என்று திருப்பிக் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவர் மண் ஈரத்திலிருந்து சூளை முடிய 12 சதவீதம் சுருங்கும். வெந்த பிறகு 30 வேண்டுமென்றால் பச்சை மண்ணில் 34.1 வெட்ட வேண்டும். நாங்கள் இரும்பைக் கடைந்து கழித்து அளவுக்கு வருவோம், மைக்ரோமீட்டர் வைத்து நிறுத்திக்கொள்வோம். இவர்கள் பெரிதாகச் செய்துவிட்டு, நெருப்பு அளவுக்குக் கொண்டுவரும் என்று காத்திருக்கிறார்கள். "அரை சென்டி முன்னே பின்னே இருக்கும். அதுக்கு மேல போனா காசு வேண்டாம்" என்றார்.

செவ்வகம்தான் கஷ்டமான வேலை என்பது நேரில் போய்ப் பார்த்தபோது புரிந்தது. சக்கரத்தில் வருகிற வடிவம் இல்லை இது. மண்ணைப் பலகை மாதிரி உருட்டி, இரண்டு பக்கமும் மரக்கட்டையால் தேய்த்து இறுக்கி, தோல் பதத்துக்கு விட்டுவிடுகிறார். கையில் எடுத்தால் வளையாது, நகத்தால் கீறினால் கோடு விழும், அதுதான் பதம். அப்புறம் அட்டை வைத்து ஐந்து துண்டு வெட்டுகிறார். மூலையில் சேரும் விளிம்புகளை 45 டிகிரியில் சாய்த்து வெட்டி, பழைய முள்கரண்டியால் கீறி, மண்கூழ் தடவி ஒட்டுகிறார். உள்மூலையில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்திரி வைத்து விரலால் அழுத்திவிடுகிறார். ஒட்டிய இடம் காயும்போது விடாமல் இருக்க அது.

இதில் என்னை உட்கார வைத்த விஷயம், நீளப் பக்கச் சுவரை அவர் நேராக வைக்கவில்லை. இரும்பு ஸ்கேலை வெளியே சாத்தினால் நடுவில் சுவர் ஸ்கேலைத் தொட்டது, இரண்டு முனையிலும் ஒரு பத்து ரூபாய் நாணயம் நுழைகிற இடைவெளி இருந்தது. வேண்டுமென்றே வெளியே பிதுக்கி வைத்திருக்கிறார். சூளையில் நீளச் சுவர் உள்ளே வாங்கும்; முதலிலேயே வெளியே தள்ளி வைத்தால் வெந்து முடிக்கும்போது நேராக நிற்கும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதற்கு அவரிடம் கணக்கு எழுதிய நோட்டு இல்லை, கட்டை விரல்தான். நாங்கள் வெல்டிங் வேலையில் இழுப்பு பார்த்து முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்து வைக்கிற அதே தந்திரம்.

காய்வதற்கு அவசரப்படக் கூடாது. செய்தித்தாள் போர்த்தி, மேலே பிளாஸ்டிக் மூடி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறார். விளிம்பு முந்திக் காய்ந்து அடித்தளம் பிந்தினால் நடுவில் விரிசல் வரும். அப்புறம் ஒரு மிதச் சூடு, அடுத்தது சவுக்குக் கட்டை போட்டு 1,280 டிகிரி வரை பெரிய சூடு. அந்தச் சூட்டில் தொட்டி சுருங்கும்போது கால் நான்கும் அடுக்குப் பலகையில் உராய்ந்து கோணிப் போகும் அபாயம் உண்டு. அதற்காகவே அதே மண்ணில் ஒரு மெல்லிய பலகை செய்து, மணல் தூவி, அதன்மேல் தொட்டியை வைத்துச் சுடுகிறார். தொட்டி சுருங்க, பலகையும் கூடவே சுருங்கும். ஒரு தடவைக்கு மேல் அந்தப் பலகை உதவாது, தூக்கிப்போட வேண்டியதுதான். 3,200 ரூபாயில் அதுவும் சேர்த்தி.

செவ்வகம் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, நான் வேலை செய்கிற இடத்தில் சர்ஃபேஸ் பிளேட் என்கிற துல்லியமான சமதளத்தில் கவிழ்க்காமல் நேராக வைத்துப் பார்த்தது. ஒரு காலுக்கு அடியில் இடைவெளி அளக்கிற ஒரு மில்லி தகடு (ஃபீலர் கேஜ்) நுழைந்தது, மற்ற மூன்றும் உட்கார்ந்திருந்தன. நீளம் 29.6, அகலம் 21.4. ஒரு நீளச் சுவர் கோடு போட்ட மாதிரி நேர். இன்னொன்று நடுவில் ஒன்றரை மில்லி உள்ளே வாங்கியிருக்கிறது. கையால் செய்த மண்ணுக்கு இது முதல் தரம். கூட வேலை செய்கிறவன் பார்த்துவிட்டு "ரிஜெக்ட் போடுய்யா" என்றான். அவனுக்கு மண் தெரியாது.

அடுத்தது தண்ணீர் சோதனை. காய்ந்த தொட்டி 2,410 கிராம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து எடை போட்டால் 29 கிராம் கூடியிருந்தது, கிட்டத்தட்ட 1.2 சதவீதம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணச் செம்மண் தொட்டியையும் போட்டேன். அது 1,150 கிராமுக்கு 160 கிராம் குடித்தது, 14 சதவீதத்துக்குப் பக்கம். குளிர் நாடுகளில் சுவருக்குள் இருக்கும் நீர் உறைந்து தொட்டியை வெடிக்கவைக்கும் என்பதால் இந்த எண்ணைப் பார்ப்பார்கள். நமக்கு உறைபனி இல்லை, போர் தண்ணீர் இருக்கிறது. உப்புத் தண்ணீர் சுவருக்குள் ஊறி, வெளியே காய்ந்து, வெள்ளையாகப் பூத்து, செதில் செதிலாக உதிரும். என் மாடியில் செம்மண் தொட்டிகளுக்கு இரண்டு மூன்று வருஷம்தான் ஆயுள். ஸ்டோன்வேரில் உப்பு மேலே கோடு கட்டும், பழைய பல்துலக்கியில் வினிகர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். நம் வீட்டுப் பழைய ஊறுகாய் ஜாடி தலைமுறை தலைமுறையாக உப்பைத் தாங்குவதும் இந்த ஜாதி மண் என்பதால்தான்.

செவ்வகத்துக்குக் கிளேஸ் கிடையாது, வெறும் மண். விறகுச் சூளையில் தீ நக்கிய பக்கம் கருஞ்சிவப்பு, மறுபக்கம் செங்கல் நிறம். அதில் நட்டிருப்பது புளி. மரம் 45 சென்டிமீட்டர் உயரம், அடிமரம் ஆறரை சென்டி. தொட்டி நீளம் மர உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, ஆழம் அடிமரக் கனத்துக்குக் கிட்டத்தட்ட சமம் என்பது ஜப்பானியர்கள் சொல்கிற பழைய கணக்கு. அதை வைத்துத்தான் 30 என்று சொன்னேன். புளியின் வெடித்த பட்டைக்கும் இந்த மண்ணுக்கும் அப்படி ஒரு பொருத்தம். நவம்பர் மழையில் எங்கும் தண்ணீர் தேங்கவில்லை. இரண்டு ஓட்டையும் 22 மில்லி, உள்விளிம்பை ஸ்பாஞ்ச் வைத்து மழுக்கி அடித்தளத்தைவிடத் தாழ்வாக்கியிருக்கிறார். மரத்தைத் தொட்டியோடு சேர்த்துக் கம்பியால் கட்ட நான்கு சின்ன ஓட்டை தனியாக. ஒரே குறை, கருத்த மண் அக்னி நட்சத்திர வெயிலில் அடுப்புக் கல்லாகிவிடுகிறது. மதியத்துக்கு மேல் மாடியிலிருக்கும் தண்ணீர் டேங்கின் நிழலுக்கு நகர்த்தித்தான் காப்பாற்றினேன். அது தொட்டிக்கான குறை இல்லை, மெட்ராஸுக்கான குறை.

நீள்வட்டம் அந்த அளவுக்குத் திருப்தி இல்லை. காகிதப்பூ மரத்துக்காக வாங்கியது. பூக்கும் மரத்துக்குக் கிளேஸ் போட்ட தொட்டி வழக்கம். வானநீலம் கேட்டேன், வந்தது சாம்பல் கலந்த வெளிர் பச்சை. கிளேஸில் இருப்பது ஒன்றிரண்டு சதவீதம் இரும்புதான், சூளையில் காற்றைக் குறைத்துப் புகை கட்டினால் பச்சையும் நீலமும் வரும், காற்று கூடினால் மஞ்சளடிக்கும், இந்த முறை மேல் அடுக்கில் இப்படி வந்துவிட்டது என்றார். வேண்டாமென்றால் வைத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார். எடுத்துக்கொண்டேன். மாசி மாதம் மரம் முழுக்க ரோஸ் பூத்தபோது இந்த மங்கல் பச்சைதான் அடக்கமாக நின்றது. நான் கேட்ட நீலம் வந்திருந்தால் கல்யாணப் பந்தல் மாதிரி இருந்திருக்கும். நிறத்தில் எனக்குப் புகார் இல்லை.

புகார் கம்பி ஓட்டையில். மூன்று மில்லிதான் இருக்கிறது. மரத்தைத் தொட்டியோடு கட்ட நான் போடுவது 2 மில்லி அலுமினியக் கம்பி, சில இடத்தில் இரட்டையாகப் போகும். நுழையவில்லை. பச்சையில் நான்கு மில்லிக்குமேல் குத்தியிருப்பார், சுருங்கி, கிளேஸும் கொஞ்சம் ஏறி, இப்படி ஆகியிருக்கும். என்னிடம் டைமண்ட் பிட் இருந்ததால் அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து, தண்ணீர் சொட்டவிட்டு, மெதுவான வேகத்தில் ஐந்து மில்லியாக்கிவிட்டேன். கற்கண்டு மாதிரி உடைகிற பொருள் இல்லை ஸ்டோன்வேர், பிட்டைத் தின்றுவிட்டது. துளைக்கருவி இல்லாதவர் என்ன செய்வார்? 2,300 ரூபாய் தொட்டியில் இது இருக்கக் கூடாது. சுவரும் தேவைக்கு மேல் கனம். மண்ணோடு ஒரு ஆள் தூக்க முக்க வேண்டியிருக்கிறது.

வட்டத் தொட்டி 9 சென்டி குறுக்களவு, சக்கரத்தில் எடுத்தது. கறுப்பு கிளேஸ், டென்மோக்கு என்பார்கள். இரும்பு எட்டு, பத்து சதவீதம் இருக்கும். விளிம்பில் கிளேஸ் மெலிகிற இடத்தில் கறுப்பு துருச்சிவப்பாக மாறுகிறது. உள்ளே கிளேஸ் இல்லை, விரல் ஓடிய வளையங்கள் அப்படியே இருக்கின்றன. 850 ரூபாய்க்கு மூன்றிலும் அழகு இதுதான், ஆனால் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கிறது. அதில் இருப்பது கல் இச்சி, ஆல், அரசு இனத்து மரம். ஆறே மாதத்தில் வேர் தொட்டி முழுக்கச் சுற்றிக்கொள்ளும் ஜாதி. மாற்று நடவுக்கு எடுக்கும்போது வாய் குறுகலான தொட்டியிலிருந்து வேர்க்கட்டி வெளியே வராது, கத்தியால் சுற்றிலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வடிவத்தை அவர் இஷ்டத்துக்கு விட்டிருந்தேன். கப் செய்கிற கைக்கு உள்வளைவு இயல்பாக வருகிறது போல. மெதுவாக வளரும் மரத்துக்கென்றால் பிரச்சினை இல்லை.

எங்கள் வட்டாரத்தில் ஒருவரிடம் டோகோனாமே தொட்டி ஒன்று இருக்கிறது. ஜப்பானில் ஐச்சி மாகாணத்து ஊர் அது, அந்த நாட்டின் ஆறு பழைய சூளை ஊர்களில் ஒன்று. போன்சாய் உலகத்தில் அந்தச் சிவந்த மண் தொட்டிக்கு இருக்கிற மரியாதை சும்மா வந்ததில்லை. அவரிடம் கெஞ்சி வாங்கி என் செவ்வகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூலைக் கோடும் விளிம்பு மடிப்பும் காலின் வளைவும் அதில் கத்தி மாதிரித் தெளிவு. நம்முடையது தோற்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் டோகோனாமேயிலிருந்து வருவதெல்லாம் கைவேலை கிடையாது, அச்சு வேலையும் ஏராளம். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்தால் அவர் கொடுத்த விலையில் எனக்கு நான்கு செவ்வகம் கிடைக்கும். அடித்தளத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓட்டை, சாய்வு, கால் எல்லாம் நம்மவரும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

யாருக்கு இந்தத் தொட்டி வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரம் இன்னும் பருக்க வேண்டிய நிலையில் இருந்தால் இவ்வளவு செலவழிக்காதீர்கள். அகலமான செம்மண் சட்டியே போதும், வேர் நன்றாக ஓடும், சுவர் வழியாக ஈரம் ஆவியாவதால் வெயிலில் குளிர்ச்சியும் கூட. பாலைவன ரோஜா என்கிற அடீனியத்துக்கு எப்போதுமே செம்மண்தான் நல்லது. ஊர்ப்பக்கம் மண்பானை செய்கிறவரிடம், சுடுவதற்கு முன்னால் அடியில் மூன்று ஓட்டை பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னால் நூறு, நூற்றைம்பதில் வேலை முடிந்துவிடும். கிளை அமைந்து, இனி காட்சிக்கு வைக்கலாம் என்கிற மரத்துக்கு மட்டும் நல்ல தொட்டி.

பொறுமை இல்லாதவர்களும் போக வேண்டாம். ஆவணியில் சொன்னது தை முடிகிறபோதுதான் கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகையில் மண் காயாது. சூளை நிரம்பாமல் தீ மூட்டவும் மாட்டார்கள், விறகு வீணாகும். இதெல்லாம் நியாயம். தாமதமாகும் என்று ஒரு வார்த்தை போன் பண்ணிச் சொல்லலாம், அது மட்டும் அந்தப் பட்டறையில் கிடையாது. நாமே கேட்டால்தான் பதில். பார்சல் அனுப்புவதில்லை. வைக்கோல் அடைத்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஈசிஆர் பஸ்ஸில் வந்து சேர்ந்தேன். எடுக்கும்போதே ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், கணீர் என்றால் நல்லது, டப் என்றால் எங்கோ விரிசல்.

ஆர்டர் கொடுக்கிறவர்கள் வெந்த பிறகு வேண்டிய அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மரத்தின் போட்டோவை முன்பக்கமாக எடுத்துக் காட்டுங்கள். கம்பி ஓட்டை வெந்த பிறகு ஐந்து மில்லி, உள்ளே கிளேஸ் வேண்டாம், வாய் விரிந்திருக்கட்டும் என்று மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். பாதிப் பணம் முன்னால், மீதி எடுக்கும்போது. அடுத்த சூளை பொங்கல் கழித்து என்றார். மூன்று கொடுக்காப்புளிக் கன்றுகளைச் சேர்த்துத் தோப்பாக வைக்க, நாலு சென்டி ஆழத்தில் ஒரு நீளத் தட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். சுவர் கனம் ஏழு மில்லிக்கு மேல் வேண்டாம் என்று இந்த முறை எழுதியே கொடுத்துவிட்டேன்.